பேரெண்ணுக்குள் ஒரு வேலி

நாளெண் வெளியாகும் நேரத்தில் இறைப்புக்கரையில் யாரும் அடுப்பைக் கவனிப்பதில்லை. பால் பொங்கி வழிந்தாலும் வழியட்டும் என்று விட்டுவிடுவார்கள். தெருமுனை ஒலிபெருக்கி அன்றைய எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கைக்கணி ஒருமுறை அதிரும். உடனே பார்க்க யாருக்கும் தைரியம் வராது. சாமி கும்பிடுகிறவர்கள் கும்பிடுவார்கள், மற்றவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு மெதுவாகக் கையைத் திருப்பி மீதியைப் பார்ப்பார்கள்.

தமயந்தி தன் மீதியைப் பார்த்தாள். பதின்மூன்று இலக்கம். சலிப்போடு கையை இறக்கிவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எவ்ளோங்க?"

"அத ஏன் கேக்கற. மலை உசரத்துக்கு நிக்குது" என்று சிகாமணி சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறி அவனை மடக்கிக் கட்டிலில் உட்காரவைத்தது.

நுரையீரலில் உப்புப்பூஞ்சை. இறைப்பொறியின் அடியில் ஈரத்திலேயே வேலை செய்பவர்களுக்கு வருவது. மருந்து தள்ளிப்போடும், தீர்க்காது. தீர்க்கக்கூடியது மேலே, கல்வராயன் மலை நகரத்தின் உலர்ந்த காற்று மட்டும்தான்.

நெய்வேலியின் பழைய சுரங்கக் குழிகளைக் கடல் புகுந்து நிரப்பிய பிறகு, தாழ்நிலத்தில் மிஞ்சிய ஒரு கோடி சனத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது ஒரு பெருங்கரை. கரையை ஒட்டி வரிசையாக இறைப்பொறிகள் நின்று, கசிந்து வரும் உப்புநீரை இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அவற்றை ஓட்டுகிறவர்கள் வாழும் இடம்தான் இறைப்புக்கரை. மலை நகரம் ஒரு நாளைக்கு நூறு பேரைத்தான் தாங்கும். ஒரு காலத்தில் அந்த நூறு இடங்களுக்காக அடிதடி, லஞ்சம், கொலை எல்லாம் நடந்தது. மலைக்குப் போகும் மேலேற்றி வண்டியில் தொங்கிக்கொண்டே போய் விழுந்து செத்தவர்கள் உண்டு. அதற்கெல்லாம் முடிவுகட்டியது பேரெண்.

முறை மிக எளியது. ஒவ்வொருவருக்கும் பிறக்கும்போதே ஓர் உடலெண். தினமும் காலையில் திடலில், கூட்டத்திலிருந்து யாரோ சிலர் கண்ணைக் கட்டிக்கொண்டு பந்து எடுத்து ஒரு நாளெண்ணை உண்டாக்குவார்கள். உன் உடலெண்ணை நாளெண்ணால் பெருக்கு. வந்ததைப் பேரெண்ணால் வகு. பூஜ்யம் செல்லாது; மீதி ஒரு கோடிக்குக் கீழே வந்தால் நீ மேலே போகலாம். லட்சத்தில் ஒருவருக்கு அப்படி வரும். தலைவர் மகனாயிருந்தாலும் ஒன்றுதான், தோட்டி மகனாயிருந்தாலும் ஒன்றுதான். எவர் கையும் நடுவில் இல்லை.

அந்தப் பேரெண் ஒரு லட்சத்து ஓராயிரத்து நானூற்று எண்பத்தொன்பது கோடியே எழுபது லட்சத்து மூவாயிரத்து நானூற்று முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதைப் பாட்டாகவே பாடுவார்கள். அது ஒரு பகா எண், எந்த எண்ணாலும் வகுபடாது, அதனால் எவருக்கும் பாரபட்சம் காட்டாது என்று பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட்டிருக்கும். அந்தப் பாட்டைப் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொடுத்து வந்தவள் தமயந்தி. தாழ்நில நகரத்தில் பிறந்து, சிகாமணியைக் கட்டிக்கொண்டு இறைப்புக்கரைக்கு வந்து, அங்கிருந்த பள்ளியிலேயே கணக்கு ஆசிரியையானவள்.

சிகாமணிக்கு ஒரே ஒருமுறை நெருங்கி வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால், மீதி ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேலே. "அரைக் கோடியில போச்சே" என்று அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. அந்த எண்ணைக் கரித்துண்டால் கதவின் உள்பக்கம் எழுதிவைத்தான். நெருங்கி வந்தது மறுபடி வரும் என்பது அவன் நம்பிக்கை. 1,54,85,863. தினமும் கதவைச் சாத்தும்போது தமயந்தி அதைப் பார்ப்பாள்.

அன்றைக்குப் பள்ளியில் பாடம் மீப்பெரு பொது வகுத்தி. பெரிய எண்ணைச் சின்னதால் வகு, வந்த மீதியால் சின்னதை வகு, மீதி பூஜ்யமாகும்வரை விடாதே, கடைசியாக எதனால் வகுத்தாயோ அதுதான் விடை. கரும்பலகையில் எட்டும் பன்னிரண்டும் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்தது. அவள் மகள் நறுமுகை முதல் வரிசையிலேயே கொட்டாவி விட்டாள்.

"சரி. அவங்கவங்க உடலெண்ணை வெச்சுப் போடுங்க. பக்கத்துல இருக்கறவங்க எண்ணை வாங்கிக்குங்க" என்றாள்.

வகுப்பு ஒரு கணம் அடங்கிப்போனது. உடலெண்ணை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்பது சட்டம். சொன்னால் மீதி ஏறிவிடும் என்பது நம்பிக்கை. ஆனால் டீச்சரே சொன்ன பிறகு என்ன? தடை செய்யப்பட்ட விளையாட்டு கிடைத்த குதூகலத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பெரிய எண்களை இப்படி இரண்டு இரண்டாக எடுத்தால் பொது வகுத்தி பெரும்பாலும் ஒன்று வரும், சில சமயம் இரண்டு, மூன்று, ஆறு. தமயந்தி அதைத்தான் எதிர்பார்த்தாள்.

நறுமுகைதான் முதலில் பலகையைத் தூக்கிக் காட்டினாள். தமயந்தி எட்டிப் பார்த்து, "தப்புடி. இவ்ளோ பெரிசா வராது. மறுபடி போடு" என்றாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவளுக்கும் எட்டு இலக்கம். பலகைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒன்றில் நறுமுகையின் விடைக்கு இரண்டு மடங்கு. மற்றொன்றில் மூன்று மடங்கு. மற்றதெல்லாம் அச்சு அசலாக ஒரே விடை.

1,54,85,863.

தமயந்திக்கு அந்த எண்ணை எங்கே பார்த்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டுக் கதவின் உட்புறம் கண்ணுக்குள் வந்து நின்றது. சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் பேரெண்ணை எழுதி, அதை இந்த எண்ணால் வகுக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொரு இலக்கமாக இறங்கி வந்தது. ஈவு அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தேழு. மீதி பூஜ்யம்.

"டீச்சர், பேரெண்ணுதான் வகுபடாதே?" என்றது ஒரு குரல்.

அவள் அவசரமாகப் பலகையை அழித்தாள். "போங்க, வெளையாடப் போங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து தன் உடலெண்ணையும் அந்த எண்ணால் வகுத்துப் பார்த்தாள். மீதி வந்தது. அவள் நகரத்தில் பிறந்தவள். சிகாமணியின் எண்ணை வகுத்தாள். மீதி இல்லை. நறுமுகையின் எண், அதிலும் மீதி இல்லை. பிறகு அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. இறைப்புக்கரையிலிருந்து மேலே போனவர்கள் இல்லாமலில்லை. ஆண்டுக்கு ஒருவர் இருவர் போவார்கள், ஊரே கூடி வழியனுப்பும். அவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் போல வாக்கப்பட்டு வந்த பெண்கள்.

சிகாமணி வேலை முடிந்து வந்ததும் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை.

"இப்படி வெச்சுக்குங்க" என்று தரையில் எழுதினாள். "பேரெண்ணு முப்பத்தஞ்சுன்னு இருக்கட்டும். மீதி அஞ்சுக்குக் கீழ வந்தா மேல போவலாம், பூஜ்யம் செல்லாது. என் எண்ணு ஒம்பது. உங்களுது பத்து. நாளெண்ணு நாலு வந்துச்சுன்னா எனக்கு முப்பத்தாறு. மீதி ஒண்ணு. நான் போயிடுவேன். உங்களுக்கு நாப்பது, மீதி அஞ்சு. சரி, எட்டு வந்தா? உங்களுக்கு எம்பது, மீதி பத்து. பதினொண்ணு வந்தா நூத்திப்பத்து, மறுபடி அஞ்சு. எத்தனை வாட்டி பந்து எடுத்தாலும் அஞ்சு, பத்து, பதினஞ்சு, இருவது இப்படித்தான் வரும். அஞ்சுக்குக் கீழ எறங்கவே எறங்காது. ஏன்னா முப்பத்தஞ்சுக்குள்ளயும் அஞ்சு இருக்கு, பத்துக்குள்ளயும் அஞ்சு இருக்கு."

சிகாமணி எழுந்து போய்க் கதவில் இருந்த எண்ணைத் தடவிப் பார்த்தான்.

"அப்ப இதுதான் கீழ்ப்படி. இதுக்குக் கீழ எனக்குப் படியே கெடையாது."

"ஆமாங்க."

"இந்தக் கரையில பொறந்த எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அவன் கோபப்படுவான் என்று அவள் நினைத்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து, தன் கால்களைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "நாங்க போயிட்டா பொறிய யாரு ஓட்டுவாங்கன்னு பயந்திருப்பாங்க. நாயந்தான். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருந்தா பாதிப் பேரு நாங்களே இருந்திருப்போமே, தமயந்தி."

பேரெண் மன்றத்தின் ஆணையர் மெய்கண்டன் அவளைக் காக்கவைக்கவில்லை. வெள்ளைச் சட்டையில் இருந்த ஒல்லியான மனிதர். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். மறுக்கவும் இல்லை. அது அவளுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. மறுத்தால் சண்டை போடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"முன்னால ஒரு தடவை, பேரெண்ணெல்லாம் வர்றதுக்கு முன்னால, இறைப்பாளர்கள் கூட்டமா மலைக்குக் கிளம்பிட்டாங்க" என்றார். "அந்த வாரமே கரை ஒடஞ்சது. எத்தனை பேர் செத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் கணக்கு இல்ல. அவங்களைக் காவல் போட்டு நிறுத்த எங்களால முடியல. அதனால எண்ணைக் காவல் போட்டோம். யாரும் யாரையும் அடிக்கல, கட்டிப்போடல. தினமும் காலைல எல்லாரையும் போல அவங்களுக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. அதைக்கூட எடுக்கணும்கறீங்களா?"

"இல்லாத நம்பிக்கை சார் அது."

"இருந்ததா இல்லையான்னு நீங்க கணக்குப் போடற வரைக்கும் இருந்ததே."

மெய்கண்டன் குரலைத் தாழ்த்தினார். "நீங்க முதல் ஆள் இல்ல, டீச்சர். உங்களுக்கு முன்னாடி சிலர் வந்திருக்காங்க. அவங்களுக்குச் செஞ்சதை உங்களுக்கும் செய்யறேன். உங்க கணவருக்கும் மகளுக்கும் வேற உடலெண் தர்றேன். வேலி இல்லாத எண்."

"தந்தா அவர் மேல போயிடுவாரா?"

மெய்கண்டன் முதன்முறையாகச் சங்கடப்பட்டார். "அது என் கையில இல்ல. யார் கையிலயும் இல்ல. லட்சத்துல ஒண்ணு. முன்னாடி எண்ணை வாங்கிட்டவங்க யாரும் இன்னும் மேல போகல."

வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் தமயந்திக்குத் தோன்றியது. வழிநெடுக அந்த எண்ணம் அவளை விடவில்லை. வீட்டுக்கு வந்து சிகாமணியிடம் சொன்னபோது அவன் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டாள். அவன் இருமி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "பக்கத்து வூட்டுக்காரன் என்னாச்சு மீதின்னு காலைல கேப்பானே. அவன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?" என்றான்.

"நறுமுகைய நெனச்சுப் பாருங்க."

"அவளும் அந்தப் புள்ளைங்களோடதான வெளையாடறா."

மறுநாள் காலை நாளெண் சொல்லி முடிந்ததும், எல்லோரும் கையைத் திருப்பும் முன்னால், தமயந்தி தெருமுனையில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று முப்பத்தைந்தையும் பத்தையும் வைத்து விளக்கினாள். பிறகு கதவிலிருந்த எண்ணைச் சொன்னாள். கூட்டத்தில் ஒரு கிழவர், "எனக்கும் ஒரு தடவ அதே எண்ணு வந்துச்சே" என்றார். அந்தக் கரையில் கொஞ்சங்கொஞ்சமாக இன்னும் பலர் அதையே சொன்னார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் மயிரிழையில் தவறியது என்று இத்தனை வருடம் ரகசியமாகப் பொத்தி வைத்திருந்த எண், எல்லோருக்கும் ஒரே எண்ணாக இருந்தது. அழுதவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம். அந்தச் சிரிப்பைக் கேட்கத் தமயந்திக்குப் பயமாக இருந்தது.

செய்தி தாழ்நிலம் முழுக்கப் பரவியது. மெய்கண்டன் எதையும் மறைக்கவில்லை. மன்றம் கூடி, முடிவை மக்களிடமே விட்டது. பேரெண்ணை உண்மையான பகா எண்ணாக மாற்றுவதா, இருப்பதே இருக்கட்டுமா? உடலெண் உள்ள, பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. கைக்கணியில் ரகசியமாகப் போடலாம்.

தமயந்தி ஊர் ஊராகப் போனாள். எங்கே போனாலும் கூட்டம் வந்தது. முப்பத்தைந்தை வைத்து அவள் கணக்குப் போட்டுக் காட்டியதும் சனங்கள் உச்சுக்கொட்டினார்கள். விருத்தாசலம் சந்தையில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். "எங்க உசுரைக் காப்பாத்தற சனத்துக்கு இப்படியொரு துரோகமா?" என்று கேட்டுவிட்டு, தன் புருசனுக்காகக் கட்டிவைத்திருந்த சோற்றை எடுத்துக் கொடுத்தாள். இறைப்புக்கரையில் இப்போதே யார் யார் முதலில் போவார்கள் என்று பேச்சு ஓடியது. சிகாமணிகூடக் கம்பளிச் சட்டை ஒன்றைத் தைக்கக் கொடுத்தான்.

வாக்கு எண்ணிக்கை வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல், இருப்பதே இருக்கட்டும் என்று போட்டிருந்தார்கள்.

தமயந்தி அந்தச் சந்தைப் பெண்ணை நினைத்துக்கொண்டாள். அவள் அழுதது பொய்யில்லை. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தூங்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பாள். கடலின் சத்தம் கேட்டிருக்கும். அதன் பிறகு விரல் எங்கே போயிருக்கும் என்று தமயந்திக்குத் தெரிந்தது.

இறைப்பாளர்கள் பொறிகளை நிறுத்தினார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, ஒரு பொறி நின்றது, பிறகு வரிசையாக எல்லாம் நின்றன. பிறந்ததிலிருந்து கேட்ட இரைச்சல் அடங்கியதும் குழந்தைகள் பயந்து அழுதன. தண்ணீர் வந்தது. அது தாழ்நில நகரத்துக்குப் போகவில்லை. கரையை ஒட்டிப் பள்ளத்தில் இருந்தது இறைப்புக்கரைதான். முதலில் அவர்கள் அடுப்படிக்குள் வந்தது, பிறகு கட்டிலைத் தொட்டது. பிள்ளைகளைக் கூரைமேல் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள், இடுப்பளவு உப்புநீரில் இறங்கி நடந்துபோய் முதல் பொறியை மறுபடி ஓட்டியவன் சிகாமணிதான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். அந்த ஈரம் அவன் நெஞ்சைவிட்டுப் பிறகு போகவே இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் தாழ்நிலத்தின் சில ஊர்கள் மன்றத்துக்கு மனு கொடுத்தன. போன வருடம் மட்டும் இத்தனை மருத்துவர்களுக்கு மீதி விழுந்து மேலே போய்விட்டார்கள், எங்கள் ஊரில் பிரசவம் பார்க்க ஆள் இல்லை, இறைப்பாளர்களுக்கு இருக்கும் வேலி மருத்துவர்களுக்கு ஏன் இருக்கக் கூடாது? கேள்வியில் நியாயம் இருப்பதுபோல்தான் எல்லோருக்கும் பட்டது. மறுபடி வாக்கெடுப்பு.

இறைப்புக்கரைக்கு இருந்தது ஒரே மருத்துவர், பிலோமினா. படகிலும் நடந்துமாக வந்து சிகாமணிக்கு ஊசி போட்டுவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போவார். வாக்களிக்கும் நாளன்று சிகாமணிக்கு மூச்சு இழுத்தது. தமயந்தி ஒரு கையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டே மறு கையின் கைக்கணியைப் பார்த்தாள். திரையில் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு சொற்கள். வேண்டாம் என்று போடத்தான் நினைத்தாள். பெட்டிமேல் ஏறி நின்று பேசியவள் அவள். சிகாமணி மறுபடி இருமினான். வேண்டும் என்பதைத் தொட்டுவிட்டு, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மன்றம் புதுப் பேரெண்ணை வெளியிட்டது. முன்னதைவிட நீளமானது, அதற்கேற்ப மேலே போகும் வரம்பும் உயர்ந்தது. அதற்குள் இறைப்பாளருக்கு ஒரு வகுத்தி, மருத்துவருக்கு ஒரு வகுத்தி. அவரவர் வகுத்தியின் மடங்காக அவர்களுக்குப் புது உடலெண்ணும் கொடுத்தார்கள். இந்தமுறை ஒளிவுமறைவு இல்லை. பாடப்புத்தகத்தில் பகா எண் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு வகுத்திகளை அச்சிட்டார்கள். வேலிக்குள் இருப்பவர்களுக்குக் காவற்குடி என்று பட்டம் கொடுத்து, சட்டையில் குத்திக்கொள்ள வெள்ளிப் பட்டயமும் கொடுத்தார்கள்.

பிலோமினா அதன் பிறகும் வந்தார். பட்டயத்தை அவர் குத்திக்கொள்ளவில்லை. ஒருநாள் ஊசியைப் போட்டுவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே, "பழைய எண்ணாவே இருந்திருந்தா நேத்திக்கு நான் மேல போயிருப்பேன், டீச்சர். கணக்குப் போட்டுப் பாத்தேன். என் அம்மா அங்கதான் இருக்காங்க" என்றார். தமயந்தி காப்பியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.

பிறகு மின்சாரம் பார்ப்பவர்கள். பிறகு விதைநெல் காப்பவர்கள், மேலேற்றியைப் பழுதுபார்ப்பவர்கள். ஒவ்வொரு முறையும் வாக்கெடுப்பு நடந்தது, ஒவ்வொரு முறையும் மற்ற எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டத்தாரைக் காவற்குடியாக்கினார்கள். முந்தைய முறை வேலிக்குள் போனவர்கள்தான் அடுத்த முறை முண்டியடித்துக்கொண்டு வாக்களித்தார்கள். பேரெண் வளர்ந்துகொண்டே போனது. நாளெண் வெளியாகும் காலையில் ஐம்பது பேருக்கு மீதி விழுந்தது, பிறகு இருபது பேருக்கு. போனவர்களை வழியனுப்ப இப்போதெல்லாம் ஊர் கூடவில்லை. இவன் இங்கே இருந்தும் என்ன ஆகப்போகிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டவன்தான் போனான். மலை நகரத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. அங்கே ஒடிந்த காலைக் கட்டத் தெரிந்தவர்கள்கூடக் குறைந்துவிட்டார்கள், ஒரே ஒரு மருத்துவரை அனுப்ப முடியுமா? அதையும் வாக்குக்கு விட்டார்கள். முடியாது என்று தாழ்நிலம் சொல்லிவிட்டது.

மூன்றாவது மழைக்காலத்தில் சிகாமணி இறந்துபோனான். கடைசி வாரம் முழுக்கப் பிலோமினா கூடவே இருந்தார். அவனைப் புதைக்க இறைப்புக்கரையில் உலர்ந்த மண் இல்லை. கரைமேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆசிரியர்களுக்கான வாக்கெடுப்பு வந்தபோது தமயந்தி பெட்டிமேல் ஏறவில்லை. மகளை விட்டுவிட்டு மேலே போகும் எண்ணம் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் போகாமல் இருப்பது தன் சொந்த முடிவு என்ற ஒன்று அவளிடம் இருந்தது. காலையில் எழுந்து உப்புநாற்றத்தில் மூச்சு விடும்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

முடிவு வந்ததும் தெருப் பெண்கள் திரண்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி கேசரி கிண்டிக்கொண்டு வந்திருந்தாள். இன்னொருத்தி அவள் புடவையில் வெள்ளிப் பட்டயத்தைக் குத்திவிட்டு, "எங்க வுட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தோம் டீச்சர். இனிமே கவலையில்ல" என்று கன்னத்தைத் தடவினாள். அந்தக் கையில் இருந்த அன்பு உண்மையானது. தமயந்தி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

உள்ளே வந்தபோது நறுமுகை உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாதம்தான் அவளுக்குப் பதினாறு. முதல் வாக்கு. முகத்தைத் திருப்பாமலே, "நானும் வேண்டும்னுதான் போட்டேம்மா" என்றாள்.

தமயந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான் உன்னை விட்டுட்டுப் போவேன்னு நெனச்சியாடி?"

"இல்ல. போவமாட்டேன்னு தெரியும்." கரண்டியால் உலையைக் கிளறினாள். "ஆனா தெனம் காலைல நீ கையத் திருப்பறப்ப எனக்குப் பயமா இருக்கு. ஒரு நாளு சின்ன எண்ணா வந்து, என் மூஞ்சியப் பாத்துட்டு நீ இங்கேயே இருந்துட்டீன்னா, அப்புறம் நீ இருமுற ஒவ்வொரு இருமலும் என்னாலதான்னு ஆயிடும். அது வேணாம்னு இருந்துச்சும்மா."

தமயந்திக்குக் கோபம் வரவில்லை. மகள் போட்டது சரியான கணக்கு. தான் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதற்கும் இதற்கும் எங்கே முரண் என்று தேடினாள். தேட முடியாமல், அன்று வேண்டும் என்பதைத் தொட்ட அவள் விரலே குறுக்கே வந்து நின்றது.

"கோவமா?"

"இல்லடி."

நறுமுகை அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "அடுத்த வாரம் படகுக்காரங்களுக்கு வாக்கு வருதாம். தெருவுல பேசிக்கிட்டாங்க. பாவம், அவங்களையுமான்னு இருக்கு. நீ என்னா போடப்போற?"

தமயந்தி எழுந்து தட்டுகளை எடுத்துவைத்தாள். உலை கொதித்துச் சோற்றின் மணம் அறை முழுக்கப் பரவியிருந்தது. அரிசி படகில்தான் வந்துகொண்டிருந்தது.